பதினேழாவது இடத்தில் குருவிக்கூடு

என் தம்பி சுகவனத்துக்கு இருபத்தொன்பது வயது. வேட்டி கட்டத் தெரியாது. சைக்கிள் ஓட்டினால் பிரேக் எங்கே இருக்கிறது என்று தேடுவான். பம்பரம், கோலி, பட்டம் எல்லாம் போயே போச்சு. பேனாவைக் கொடுத்தால் பல் குத்துகிற குச்சி மாதிரிப் பிடிக்கிறான். இதெல்லாம் ஒரு காலத்தில் அவனுக்கு நன்றாகத் தெரிந்தவைதான். ஒவ்வொன்றாக அழித்தது நான். அவனே வந்து உட்கார்ந்து, "அக்கா, போடு" என்று கையை நீட்டினான் என்பது உண்மை. இருந்தாலும் பொத்தானை அழுத்தியது இந்த விரல்.

சிங்காநல்லூர் கைப்பதிவு நிலையத்தில் எனக்கு வேலை. கைப்பதிவு என்றால் என்ன என்று இன்னமும் கேட்கிறவர்கள் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். மோட்டார் பட்டறைகளில் செம்புக்கம்பிக் காயில் சுற்ற ஆள் கிடைக்காமல் போன காலத்தில் வந்த சங்கதி இது. முப்பது வருடம் காயில் சுற்றியவரின் கைப்பழக்கத்தைக் கையுறை மாதிரி ஓர் உறைக்குள் பதிந்துகொண்டு, அதைப் புதிதாக வந்தவனின் கையில் ஏற்றிவிடலாம். பதினெட்டு நிமிடம் ஆகும். எழுந்து போகும்போது அவன் கை தானாகச் சுற்றும். தலைக்கு ஒரு எழவும் தெரியாது, கைக்குத் தெரியும்.

ஆனால் கையில் இருக்கிற இடம் கொஞ்சம்தான். புதிது ஒன்று ஏறவேண்டும் என்றால் பழசு ஒன்று இறங்கவேண்டும். எது இறங்கவேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. எதை நீங்கள் அதிக நாளாகத் தொடாமல் இருக்கிறீர்களோ, அது இறங்கும். அது என்ன பழக்கம் என்பது இயந்திரத்துக்கே தெரியாது. எத்தனையாவது இடம், எத்தனை நாளாகச் சும்மா கிடந்தது, இந்த இரண்டை மட்டும் திரையில் காட்டும். ஆளுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு பதிவுதான் என்பது சட்டம்.

இதைக் காயில் சுற்ற, பிஸ்டன் தேய்க்க என்று உருப்படியாகப் பயன்படுத்தியிருந்தால் நான் ஏன் இப்படிப் புலம்பப்போகிறேன்? என் தம்பி கட்டை விளையாட்டு ஆடுகிறவன். மேலிருந்து கட்டை விழும், அடுக்கவேண்டும், ஒரு வரிசை நிரம்பினால் மறையும். அந்த ஆட்டம்தான். அதற்குப் போட்டி, அதற்கு லீக், அதற்கு அரங்கம், அதற்குக் கோச்.

முதல்முறை வந்தபோது கேட்டேன். "ஏன்டா, கட்டை விழுந்தா பார்த்து அடுக்கீட்டுப் போக வேண்டியதுதானே? இதுக்கு எதுக்குடா பதிவு?"

"பார்த்து யோசிச்சு அடுக்கினா செத்தோம்க்கா. மொத ஏழு கட்டைய ரெண்டு செகண்ட்ல வெக்கணும். கட்டைல ஏழு தினுசு, எல், ஜே, டீன்னு இங்கிலீஷ் எழுத்து மாதிரி இருக்கும். ஏழும் ஒரு தடவ வந்து முடிஞ்சாத்தான் மறுபடி மொதல்ல இருந்து வரும். அதனால எந்த வரிசைல வந்தா எதை எங்க வெக்கறதுன்னு முன்னாடியே கணக்குப் போட்டு வெச்சுக்கலாம். அதுதான் ஓப்பனிங். சரியாக் கட்டீட்டா எதிராளி மூச்சு விடறதுக்குள்ள அவன் தலைல குப்பை வரியாக் கொட்டலாம்."

"சரி, ஒரு ஓப்பனிங் போதாதா?"

"எல் கட்டை முன்னாடி வந்தா ஒரு பக்கம் கட்டணும். ஜே கட்டை முன்னாடி வந்தா அதையே இடவலமாத் திருப்பிக் கட்டணும். அது கண்ணாடி. கைக்கு அது வேற பழக்கம்க்கா, தனியா ஏத்தணும்."

அதனால்தான் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் திரை என்னிடம் கேட்கும்: கண்ணாடி வேண்டுமா? வேண்டும் என்றால் இயந்திரமே இடதை வலதாக, வலதை இடதாக மாற்றிக் கொடுத்துவிடும். லீக் ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் எங்களிடம்தான் வருகிறார்கள். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்தக் கேள்விக்குப் பதில் அழுத்துகிறேன்.

நாலரை வருடத்தில் சுகவனத்துக்கு முப்பத்தெட்டு ஓப்பனிங் ஏற்றினேன். தினமும் எட்டு மணி நேரம் ஆடுகிறான். கோவை அணி முதல்முறையாகப் பைனலுக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் அவனுக்கு வெளிநாட்டில், பூசான் லீக்கில் இடம். இந்த ஆட்டத்தில் முப்பது வயது என்பது ரிட்டயர் ஆகிற வயது, அதனால் இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான். இதை அவன் சொல்லிச் சொல்லி எனக்கே கனவில் கட்டை விழ ஆரம்பித்திருந்தது.

பைனலுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை மதியம், அவன் பெண்டாட்டி வான்மதி நிலையத்துக்கு வந்தாள். திருச்சி ரோட்டில் ஒரு பேக்கரியில் கேக்குக்கு அலங்காரம் செய்கிறவள். வேலை உடுப்போடு, முழங்கையில் கிரீமோடு வந்து நின்றாள். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது, பேச்செல்லாம் கையில்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே சுகவனம் அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டான். நான் ஐந்து வருடமாகத் தட்டுத்தடுமாறிப் பேசுகிறேன்.

"அண்ணி, உங்க மெஷின் பேரை அழிக்குமா?" என்று கையால் கேட்டாள்.

"யார் பேரை?"

"என் பேரை. அவன் என்னைக் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

அவர்கள் பேச்சில் ஆளுக்கு ஒரு கைப்பெயர் உண்டு. எழுத்தெழுத்தாகச் சொல்ல நேரமில்லையல்லவா, ஒரே அசைவில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். வான்மதிக்குப் புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே அந்தத் தழும்புதான், புருவத்தைத் தொட்டுக் காட்டினால் அவள். சுகவனம் அதை மாற்றினான். புருவத்தைத் தொட்டு, அங்கிருந்து விரலைப் பிறை மாதிரி வளைத்து வெளியே இழுத்தான். தழும்பிலிருந்து நிலா கிளம்புகிற மாதிரி. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் இவனைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்ததாக அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் அவன் ஒருத்தன்தான்.

"கேட்டியா அவன்கிட்ட?"

"பைனல், பைனல்ங்கறான். ஊர்ல இருக்கற குழந்தைங்க பேரையெல்லாம் நான் கேக்குல எழுதறேன். என் பேரைச் சொல்ல ஒருத்தன் இருந்தான்."

அவளை உட்காரவைத்துவிட்டு அவன் பதிவேட்டைத் திறந்தேன். முப்பத்தெட்டு வரி. ஒவ்வொரு தடவையும் இறங்கியது எத்தனை நாள் சும்மா கிடந்தது என்று இருந்தது. பதினாறு வருடம், பதினாலு வருடம், ஒன்பது வருடம். அது பம்பரம், அது பட்டம். போகப்போகக் குறைந்துகொண்டே வந்தது. மூன்று வருடம், ஒரு வருடம், இருநூற்றுப் பத்து நாள். கடைசி வரி ஆறு வாரத்துக்கு முன்னால் நான் போட்டது. இறங்கியது பதினேழாவது இடம், சும்மா கிடந்தது அறுபத்தொரு நாள்.

அட கெரகமே. அன்றைக்கே பார்த்திருக்க வேண்டாமா? பார்த்தேன். அறுபத்தொன்று என்று திரையில் கொட்டை எழுத்தில் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் 'சரி' அழுத்தினேன். வீட்டில் இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு வந்திருந்தேன், சீக்கிரம் போய் மாவாட்டவேண்டும் என்று அவசரம்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வா. அவன் ஒம்பதுக்கு வர்றான்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்தாள். அவள் கையை உறைக்குள் விட்டு, அவள் பெயரை அவளே இருபது தடவை சொல்லச் சொன்னேன். பதிந்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டாள். எதற்கும் கைகாவலாக இருக்கட்டும் என்றேன்.

ஒன்பது மணிக்கு சுகவனம் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். வான்மதியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நேராக நாற்காலியில் உட்கார்ந்தான். "அக்கா, குருவிக்கூட்டுக்குக் கண்ணாடி போடு. சீக்கிரம். பதினோரு மணிக்குக் கேம்ப். போனைப் புடுங்கி வெச்சுட்டா நாளைக்கு ஆட்டம் முடிஞ்சுதான் தருவாங்க."

குருவிக்கூடு என்பது ஆறு வாரத்துக்கு முன்னால் நான் ஏற்றிய அந்தக் கடைசி ஓப்பனிங். கோச் மாணிக்கராஜ் பைனலுக்கென்றே ஒளித்து வைத்தது. கட்டைகளைக் கூரை மாதிரி நீட்டிக் கட்டி, டீ கட்டையை அதற்குக் கீழே குருவி நுழைகிற மாதிரிச் சுழற்றிச் சொருகவேண்டுமாம்.

திரையை அவன் பக்கம் திருப்பினேன். "படி."

"அடுத்து இறங்குவது பதினேழாவது இடம். சும்மா கிடந்தது நாற்பத்திரண்டு நாள்." படித்துவிட்டு நிமிர்ந்தான். "போகட்டும். ஏதோ பழசு."

"பழசா? நாப்பத்திரண்டு நாளைக்கு முன்னாடி நான் போட்டது என்னடா?"

திரையை இன்னொரு தடவை பார்த்தான். "குருவிக்கூடு."

"அதை ஆடினியா?"

"எப்படிக்கா ஆடறது? பிராக்டீஸ் மேட்ச எல்லாம் எதிர் டீம்காரன் உக்காந்து பார்க்கறான். பைனல் வரைக்கும் தொடவே கூடாதுன்னு கோச் சொல்லீட்டார்."

"வீட்ல டேபிள் மேல தட்டிப் பார்த்திருக்கலாமில்ல?"

"டேபிள்ல தட்டறதையும் படம் புடிச்சுருவாங்கன்னார்."

என் வாயில் என்ன வந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். கோச்சு, உதவிக் கோச்சு, அணிக்கு டாக்டர், இத்தனை பேர் உட்கார்ந்து மூளையைக் கசக்கி ஓப்பனிங்கை ஒளித்துவைத்திருக்கிறார்கள். தொடாமல் வைத்தது முதலில் அழியும் என்று ஒருத்தனுக்குமா தோன்றவில்லை? கண்ணாடியை ஏற்றியிருந்தால் அது நேராக அசலின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

"அப்பக் கண்ணாடி வேண்டாம். இருக்கறதை வெச்சுச் சமாளிச்சுக்கறேன். எல் முன்னாடி வந்தாப் போதும்" என்று எழுந்தான்.

"உக்காருடா. அந்தப் பதினேழாவது இடத்துல அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்?"

"வான்மதியக் கூப்பிடு."

"இங்கதானே நிக்கறா."

"பேரைச் சொல்லிக் கூப்பிடுடா!"

எரிச்சலோடு கையைத் தூக்கினான். கை புருவத்துக்குப் போனது. போன இடத்தில் விரல்கள் டகடகவென்று ஆட ஆரம்பித்தன. இன்னொரு கையும் தானாக எழுந்து வந்து நெற்றியில் சேர்ந்துகொண்டது. பத்து விரலும் கீபோர்டில் தட்டுகிற மாதிரி நெற்றியில் தட்டுகின்றன. ஏழு கட்டையும் வைத்து முடித்த பிறகுதான் நின்றது. இரண்டாம் தடவை முயன்றான். மறுபடி அதே ஏழு கட்டை. மூன்றாம் தடவை அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வான்மதி அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய ஓப்பனிங் முப்பத்தேழையும் விரலாட்டத்தை வைத்தே சொல்லிவிடுவாள், அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "இது நான் பார்த்ததே இல்லையே" என்றாள் என்னிடம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாயால் அவனுக்கும் கையால் அவளுக்கும் ஒரே நேரத்தில் சொன்னேன், இரண்டும் குழறியது.

அவள் பார்த்து முடித்துவிட்டு, "அப்ப என் பேர் மேலதான் குருவிக்கூடு கட்டியிருக்கான்" என்றாள்.

"அழிச்சது மெஷினு!" என்றான் சுகவனம்.

"மெஷினு நீ சொல்லாத பேரைத்தான்டா அழிச்சுது. அறுபத்தொரு நாள் பொண்டாட்டி பேரைச் சொல்லாம என்னடா பண்ணுனே?"

"வீட்ல இருக்கறது ரெண்டு பேரு. எதுக்குக்கா பேரு? தோளைத் தொட்டாத் திரும்பறா. லைட்ட அணைச்சுப் போட்டாப் பார்க்கறா. நீ மட்டும் என்ன? மச்சான் உன்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் பார்த்ததே இல்ல."

அவன் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கடுப்பு.

"இப்ப என்ன பண்ணறது?" என்றான்.

"ஒண்ணு, நீயே உக்காந்து பழகலாம். மாசக்கணக்காகும், பழகப்பழகக் குருவிக்கூடு கலைஞ்சுரும். இல்லாட்டி அவ கையில இருந்தே பதிஞ்சு வெச்சிருக்கறேன். இப்பப் போட்டா நேராப் பதினேழாவது இடத்துல போய் உக்காரும். உன்ற குருவிக்கூடு காலி."

"பைனல் முடியட்டும். திங்கக்கிழமை வர்றேன்."

"நாளைக்கு நீ அதை ஆடீட்டா அது சும்மா கெடக்கற பழக்கமா இருக்காது. திங்கக்கிழமை நான் பொத்தானை அமுக்கினா வேற ஏதோ எறங்கும். 'சாப்பிட்டியா'ங்கறது எறங்குமோ, 'இங்க வா'ங்கறது எறங்குமோ, எனக்குத் தெரியாது."

அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு வயதிலிருந்து ஆடுகிறவன். நாளைக்கு ஒரே ஒரு நாள். எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது, அதே சமயம் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சுமக்கிறது பெரிய ரோதனை.

வான்மதியின் போன் அதிர்ந்தது. பேக்கரியிலிருந்து செய்தி. சனிக்கிழமை பிறந்தநாள் கேக்குகள் பன்னிரண்டு நிற்கிறதாம். போனைப் பைக்குள் போட்டாள். "நான் கெஞ்ச மாட்டேன். பூசான் போறதுன்னாப் போகட்டும். எனக்கு வேலை இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

படியில் கால் வைக்கும்முன் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். சுகவனம் எழுந்தே விட்டான். அவளை நிறுத்தவேண்டும். கையைத் தூக்கினான். நெற்றியில் குருவிக்கூடு டகடகவென்று ஆடியது. அவள் ஏழு கட்டையும் முடிகிறவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டி இறங்கிப் போனாள்.

அவன் படிவரை போய்த் திரும்பி வந்தான். பிறகு உட்கார்ந்து இரண்டு கையையும் உறைக்குள் விட்டான்.

"போடு."

"எதைடா?"

"அவ பேரைத்தான். மனசு மாறறதுக்குள்ள போட்டுத் தொலை."

"கோச் கேட்டா?"

"அவர் பொண்டாட்டியா அவ? போடுக்கா."

பதிவை ஏற்றினேன். வழக்கம்போலத் திரை கேட்டது: கண்ணாடி வேண்டுமா? இதென்ன கட்டையா, உனக்கு நேரங்காலம் தெரியாதா என்று அதைத் திட்டிக்கொண்டே 'வேண்டாம்' அழுத்தினேன்.

பதினெட்டு நிமிடம் கழித்துக் கையை வெளியே எடுத்தான். மெதுவாகப் புருவத்தைத் தொட்டான். விரல் ஆடவில்லை. பிறை வளைந்து அழகாக வெளியே போனது. நடுக்கம் இல்லை, தடுமாற்றம் இல்லை, அச்சு அசலாக வான்மதி சொல்கிற மாதிரியே இருந்தது. நான் அழுதுவிட்டேன். அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேம்ப்புக்கு ஓடினான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏங்க, என்னையக் கடைசியா எப்பப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

டீயை உறிஞ்சிக்கொண்டே யோசித்தார். "ஏன், ரேஷன் கார்டுல தப்பா இருக்குதா?"

இந்த மனிதரை எந்த இடத்தில் பதிவது?

ஞாயிறு மாலை நாலு மணிக்கு அவிநாசி ரோட்டு அரங்கத்தில் பைனல். வான்மதியும் நானும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனே சொல்லட்டும் என்று விட்டிருந்தேன். மேடை வெளிச்சத்தில் அவனுக்கு எங்களைத் தெரிந்திருக்காது. எதிரில் பத்தொன்பது வயதுச் சென்னைப் பையன், கண்ணிமைக்காமல் ஆடுகிறவன். முதலில் ஏழு ஆட்டம் எடுக்கிறவர்களுக்குக் கோப்பை.

ஆறுக்கு ஆறு வந்தது. என் நகமெல்லாம் போய்விட்டது. கடைசி ஆட்டத்துக்கு முதல் ஏழு கட்டை திரையில் வந்தது. எல் முன்னால், ஜே பின்னால். குருவிக்கூட்டுக்கென்றே யாரோ எடுத்து வைத்த மாதிரி வரிசை. அணி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோச் மாணிக்கராஜ், "கட்டுடா! கட்டுடா!" என்று எழுந்து கத்தினார். அரங்கம் முழுக்கக் கேட்டது.

சுகவனம் வேறு எதையோ கட்டினான். பழைய ஓப்பனிங், எதிராளிக்கு மனப்பாடமானது. நாற்பது செகண்டில் முடிந்துவிட்டது. சென்னைப் பையனைத் தூக்கிச் சுற்றினார்கள். கோச் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். எனக்கும் எதையாவது எடுத்து அடிக்கவேண்டும் போலத்தான் இருந்தது, கையில் தண்ணீர் பாட்டில் மட்டும்தான் இருந்தது.

கூட்டம் கலைகிற நேரத்தில் சுகவனம் மேடையிலிருந்து இறங்கி வந்தான். கண் சிவந்திருந்தது. பின்னாலேயே கோச், "ஏன்டா கட்டல? ஏன்டா கட்டல?" என்று ஓடிவந்தார். அவன் நேராக நடந்தான். வான்மதிக்கு முன்னால் வந்து நின்று, கையைத் தூக்கி அவள் பெயரைச் சொன்னான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எதற்காகத் தோற்றான் என்பது அந்த ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்தது. முகம் மலர்ந்தது. உடனே, ஏதோ நெருடியது போல நின்றுபோனது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னான். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னிடம் திரும்பி ஏதோ சொன்னாள்.

"என்னம்மா சொல்றாங்க? திட்டறாங்களா?" என்றார் கோச்.

எனக்கே புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "சரியா இருக்குங்கறா. ரொம்பச் சரியா இருக்குதாம். ஆனா இது அவ தன்னையே சொல்லிக்கற மாதிரி இருக்குதாம். இவன் கூப்பிடற மாதிரி இல்லையாம்."

வான்மதி அவனுடைய வலது கையை இறக்கிவிட்டாள். இடது கையைப் பிடித்துத் தூக்கி, அவன் இடது புருவத்தில் வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுகவனம் அவள் பேச்சைக் கற்றுக்கொண்டது அவளுக்கு எதிரில் உட்கார்ந்து. அவள் வலது கையால் செய்ததை எல்லாம் எதிரில் பார்த்து இடது கையால் செய்தான். அவன் வைத்த பெயரையும் இடது கையால்தான் வைத்தான். ஐந்து வருடமாக என் கண்ணெதிரே இடது கையால்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் ஏற்றியது அவளுடைய வலது கை. ஒரு நாளைக்கு இருபது தடவை கண்ணாடி வேண்டுமா என்ற கேள்விக்கு யோசிக்காமல் பதில் அழுத்துகிறவள், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை யோசித்து வேண்டும் என்று அழுத்தவேண்டிய இடத்தில் இயந்திரத்தைத் திட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

"என் புத்தியச் செருப்பாலயே அடிக்கணும்!" என்று கத்தினேன். "நீ ஏன் புள்ள இத்தனை வருஷமா அவனைத் திருத்தல?"

"திருத்தினா வெக்கப்பட்டு நிறுத்திருவான்னு விட்டேன். அப்புறம் அதுதான் என் பேரு" என்றாள்.

"சரி, ஆறு வாரம் பொறுங்க. கண்ணாடியப் போட்டுத் தர்றேன். ஒரு பொத்தான்தான்."

"வேண்டாம் அண்ணி." அவள் கை அவ்வளவு வேகமாக ஆடி நான் பார்த்ததில்லை. "அப்ப வேற எது எறங்கும்? உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. உங்க மெஷினும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

வரிசையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள், ஒன்றுக்கொன்று எதிராக. ஒன்றில் அவள் உட்கார்ந்தாள். இன்னொன்றைக் காட்டினாள். சுகவனம் உட்கார்ந்தான். அவள் தன் வலது கையால் தன் பெயரைச் சொல்லிக் காட்டினாள். அவனுடைய வலது கை துள்ளி எழுந்தது. சட்டென்று அதில் ஓர் அடி வைத்தாள். இடது கை எழுந்தது. புருவத்தைத் தேடித் தடவி, காதுப் பக்கம் போய், பிறை பாதியில் முறிந்தது. கேவலமாக இருந்தது. அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். மறுபடி என்றாள்.

மறுபடி, மறுபடி என்று போய்க்கொண்டே இருந்தது. கோச் தொப்பியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். ஏன் கட்டவில்லை என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

நாற்காலி அடுக்குகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். முதல் வரிசை முடிந்தது, இரண்டாம் வரிசையும் முடிந்தது. அவர்களில் ஒருத்தர் என்னிடம் வந்து, "ஏனுங்க, இந்த ரெண்டு சேர் மட்டும் நிக்குது. இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்றார்.

"மாசக்கணக்காகும்" என்றேன். "போய் மத்ததை அடுக்குங்க."